மணல் எடுத்த கூலி

பூங்கனியின் வயலில் மணல் ஏறியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் ஐப்பசியில். மூன்று நாள் விடாத மழை. திற்பரப்பு அருவிக்குக் கீழே கோதையாறு வளைந்து திரும்பும் இடத்தில் கரையை அறுத்துக்கொண்டு ஆறு வயலுக்குள் இறங்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு அவள் தன் வரப்பைத் தேடிப் போனாள். வரப்பே இல்லை. நட்டு இருபது நாளான நாற்று ஒரு சாண் மணலுக்கு அடியில் கிடந்தது. அவள் அழவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி ஆற்றின் பக்கமாக வீசி எறிந்தாள். எறிந்த மணல் பாதி வழியில் அவள் வயலிலேயே விழுந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். வேதப்புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். புருஷன்மார் இலங்கைத் தோட்டத்துக்குப் போன பெண்களுக்கு வரும் கடிதங்களை அவள்தான் படித்துச் சொல்வாள். கடிதத்தில் இல்லாத ஆறுதலைத் தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அவளிடம் கிடையாது. அதனால் சிலருக்கு அவளைப் பிடிக்காது. புருஷன் இஸ்ரவேல் நல்ல உழைப்பாளி, ஒருவரையும் எதிர்த்துப் பேசாதவன். ஒரே மகள் எலிசாவை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

வயல் அவர்களுக்குச் சொந்தமில்லை. ஒரு ஏக்கர், பாட்டத்துக்கு எடுத்தது. பட்டா ஞானசிங்கின் பெயரில் இருந்தது. இலங்கையில் கங்காணி வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வந்தவர் அவர். அந்த ஏலாவில், ஆற்றை ஒட்டிய வயல்வெளியில், ஒன்பது குடும்பங்கள் அவருடைய வயல்களைப் பாட்டத்துக்கு உழுதன. விளைச்சலில் பாதி அவருக்கு. பூங்கனி போகிற அதே சபைக்குத்தான் அவரும் போவார்; முன் பெஞ்சில் உட்காருவார்.

வெள்ளம் போன நாலாம் நாள் ஞானசிங் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். ஆற்றை ஒட்டிய நாற்பது சென்ட் முழுக்க மணல்.

"ஆத்துக்க செயலுக்கு நான் என்ன செய்யட்டு இஸ்ரவேலே? மணலை மாத்தினா உனக்கு வயல். மாத்தலேன்னா எடுக்க ஆளு உண்டு" என்றார்.

"மாத்துதோம் கங்காணியாரே" என்றான் இஸ்ரவேல்.

"கூலி?" என்று பூங்கனி கேட்டாள்.

ஞானசிங் சிரித்தார். "எனக்க வயலை நீ தின்னும்போ கூலி கேட்டியா?"

கார்த்திகையில் தொடங்கினார்கள். இஸ்ரவேல் மண்வெட்டியால் வெட்டி நிரப்புவான், பூங்கனி பனையோலைக் கடவத்தில் தலையில் சுமப்பாள். அவளுக்கு முதுகு விட்டுப்போனால் அவன் சுமப்பான். ஒரு நாளைக்கு இருநூறு நடை. ஆற்றங்கரையில் கொட்டிக் கொட்டி மணல் ஆள் உயரத்துக்கு ஏறியது. சும்மாடு அழுத்திய இடத்தில் அவள் உச்சந்தலை முடி ஒரு ரூபாய் வட்டத்துக்கு உதிர்ந்துபோனது. இஸ்ரவேலின் வலது தோள் பொங்கலுக்கு முன்பே தூக்க முடியாமல் ஆகிவிட்டது. இடது கையால் வெட்டினான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையும் சுமந்தார்கள். மற்ற எட்டுக் குடும்பமும் அப்படித்தான்.

மார்கழிக் கடைசியில் தமுக்குச் சத்தம் கேட்டது. வெள்ளத்தில் மணல் மூடிய வயலைத் திருத்தி மறுபடி பயிர் செய்கிறவர்களுக்குச் சர்க்கார் உதவி உண்டு. மணல் நீக்கிய கூலியில் ஒரு பங்கு ரொக்கம், அதோடு சித்திரையில் விதைக்கும் கன்னிப்பூப் போகத்துக்கு விதைநெல். திருப்பித் தர வேண்டாம். உதவி இரண்டு தவணையாக வரும். பாதி இப்போது, வேலை முடிந்ததை அதிகாரி வந்து பார்த்த பிறகு மீதி.

பூங்கனி கடவத்தை அப்படியே கீழே போட்டாள். "பயிர் செய்கிறவங்களுக்குன்னு பறஞ்சான். கேட்டேளா? பட்டாக்காரனுக்குன்னு பறயல்லை."

மறுநாள் அவள் பகுதிக் கச்சேரிக்குப் போனாள். அங்கே பேர் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் சர்வே நம்பர் கேட்டார். சொன்னாள். ஏட்டைப் புரட்டினார்.

"இது ஞானசிங் பேரிலல்லவா கிடக்கு?"

"வயல் அவருக்கது. மணல் எடுத்தது நான்."

"அப்போ நீ கூலிக்காரி. கூலி அவருகிட்ட கேளு."

"கூலிக்காரி இல்லை. பாட்டக்காரி. பதினோரு வருசமா நான்தான் உழுது நடுதேன்."

"ஏட்டில பாட்டக்காரிக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கா? இஞ்ச பாரு." குமாஸ்தா ஏட்டைத் திருப்பிக் காட்டினார். ஏடு மலையாளத்தில் இருந்தது. அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஞானசிங் புருஷனையும் பெண்டாட்டியையும் கூப்பிட்டார். குரலில் சர்க்கரை ஒழுகியது. "நீ கச்சேரிக்குப் போனதா கேட்டேன் பூங்கனி. எனக்கிட்ட சொல்லப்படாதா? நானே வாங்கித் தாறேன். இதில நீங்க ரெண்டு பேரும் ஒரு ஒப்புப் போட்டுத் தந்தா போரும்."

காகிதத்தில் எழுதியிருந்தது மலையாளம்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"நீங்கதான் மணல் எடுத்ததுன்னு எழுதியிருக்கு. வேற என்ன?"

பூங்கனி தயங்கினாள். சபைக் கட்டடத்தின் வாசல் அது. சுற்றிலும் ஆட்கள். இஸ்ரவேல் அவளுடைய முழங்கையை மெல்லத் தொட்டான். அவன் பெருவிரல் ரேகை வைத்தான். அவள் தமிழில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அந்தக் கையெழுத்தைப் போட்டதற்காகப் பிறகு எத்தனையோ வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தை மாதம் இரண்டு வண்டி விதைநெல் ஞானசிங்கின் வீட்டு அறைக்குள் இறங்கியது. பூங்கனி ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"விதை உண்டு" என்றார் அவர். "கடனா கொண்டு போ. ஒண்ணுக்கு ஒண்ணரை. அறுப்பில தந்தா போரும்."

"இது சர்க்கார் சும்மா தந்த விதை இல்லியா?"

"எனக்குச் சும்மா தந்தான். உனக்கா தந்தான்?"

"மணல் கூலி?"

"உனக்குத் தரவேண்டிய கூலி எல்லாம் தந்தாச்சுன்னு நீயே ஒப்புப் போட்டிருக்கியே பிள்ளே."

பூங்கனிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். குரல் தணிந்து, சொற்கள் ஒவ்வொன்றாக வரும். அன்றைக்கு அதற்கும் நிற்கவில்லை. காலிப் பெட்டியோடு நேரே நாராயணபெருமாளின் வீட்டுக்குப் போனாள்.

நாராயணபெருமாள் அதே ஏலாவில் ஞானசிங்கின் இன்னொரு பாட்டக்காரர். அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமமும் தலையில் தலைப்பாகையும் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். வாலிபத்தில் திருவனந்தபுரத்துக்குக் கருப்பட்டி வண்டி ஓட்டியவர், அந்தப் பழக்கத்தில் மலையாளம் வாசிப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு வந்தாள். உதவி வாங்கியவர்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது.

அவர் விரல் வைத்து வாசித்தார். "ஞானசிங். மணல் மூடிய வயல், மூன்று ஏக்கர் அறுபது சென்ட். சொந்தச் செலவில் ஆள் வைத்து மணல் நீக்கியது. கூலி முழுசும் பெற்றுக்கொண்ட வேலைக்காரர்..." அங்கே நிறுத்தினார்.

"வாசியுங்கோ அண்ணாச்சி."

"இஸ்ரவேல். பூங்கனி." விரல் கீழே இறங்கியது. மூன்று வரி தள்ளி விரல் மறுபடி நின்றது. முகம் கறுத்துவிட்டது. "நாராயணபெருமாள்ன்னும் இருக்கு. நான் ஒரு காகிதத்திலயும் ரேகை வைக்கல்லையே தங்கச்சி!"

வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்பது குடும்பத்தின் பெயரும் அதில் இருந்தது. பிறந்து வளர்ந்த மண்ணில், உழுத வயலில், ஒன்பது குடும்பமும் ஞானசிங்குக்குக் கூலிக்காரர்களாகக் காகிதத்தில் ஏறியிருந்தார்கள். அதிலும் வாங்காத கூலியை வாங்கிய கூலிக்காரர்கள்.

வீட்டில் இஸ்ரவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "வேண்டாம் ஏட்டி. கடனுக்கு விதை வாங்குவோம். வயலாவது மிஞ்சட்டு."

"உங்க தோளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"தோளு வயசானா நோகும்."

"நாப்பது வயசு வயசா?" அவள் குரல் தணிந்தது. "நான் அந்த ஆளுக்க விதையை எடுக்கமாட்டேன். மணல் எடுக்க நமக்குக் கூலி தந்தாருன்னுதானே எழுதியிருக்கு? நாம கூலி வாங்கல்லை. அப்போ நாம மணல் எடுக்கவும் இல்லை. எடுக்காத மணல் வயலில கிடக்கட்டு."

இஸ்ரவேலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டான். "உனக்குக் கிறுக்கா? மூணு மாசம் சுமந்த மணலு!"

"சுமந்தது நான். எங்க போடணும்னு நான்தான் சொல்லணும்."

வேலை முடிந்ததைப் பார்க்கத் தாசில்தார் பங்குனி பத்தாம் தேதி வருவதாகத் தெரிந்தது. அவர் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் ஞானசிங்குக்கு இரண்டாம் தவணை கிடைக்கும். அதற்குள் பூங்கனி எட்டு வீடும் ஏறி இறங்கினாள். எல்லோரும் உடனே சம்மதிக்கவில்லை. விதைப்புக்கு ஒரு மாதம்கூட இல்லை என்றார்கள். கங்காணி வயலைப் பிடுங்கிவிடுவார் என்றார்கள். முத்துக்கனி என்கிற விதவை மட்டும், "எனக்க நாலு சென்ட் மணலும் நான் ஒத்தைக்குச் சுமந்தது. நான் வாறேன்" என்றாள். அதற்குப் பிறகு ஆண்களுக்கு வெட்கமாகிவிட்டது. நாராயணபெருமாள் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எனக்க பேரில கள்ள ரேகை வச்சவன் வயலை நான் மினுக்கிக் காட்டவா?"

பங்குனி பத்து, வெயில் ஏறும் முன்பே தொடங்கினார்கள். ஆற்றங்கரை மணல்மேட்டிலிருந்து அள்ளி, திருத்திய வயலில் கொட்டினார்கள். பூங்கனிதான் முதல் கடவம். கறுத்துக் குளிர்ந்து கிடந்த சேற்றில் வெள்ளை மணல் விழுந்தது. தன் பிள்ளையின் முகத்தில் தானே மண்ணை வாரிப் போடுவதுபோல இருந்தது என்று பிற்பாடு எலிசாவிடம் சொன்னாள். ஆனாலும் நிறுத்தவில்லை. பத்தாவது நடையில் பார்த்தால், வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்ட இஸ்ரவேல் இடது கையில் மண்வெட்டியோடு மேட்டில் நின்று நிரப்பிக்கொண்டிருந்தான். அவள் கடவத்தை அவன் முன்னால் இறக்கினாள்.

தாசில்தாரும் குமாஸ்தாவும் ஞானசிங்கும் பத்து மணிக்கு வந்தார்கள். ஞானசிங் ஓடி வந்து, "ஏலே! நிறுத்துங்கலே! கிறுக்குப் பிடிச்ச கூட்டம்!" என்று கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. ஒரு கடவத்தைப் பிடித்து இழுத்தார். அது முத்துக்கனியின் கடவம். மணல் அவருடைய வேட்டியிலேயே கொட்டியது.

"இது எந்தா செய்யுந்நது?" என்று தாசில்தார் மலையாளத்தில் கேட்டார்.

பூங்கனி கடவத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். கையைக் கட்டவில்லை. "எசமான், கூலி தந்து மணல் எடுத்தாருன்னு இவரு எழுதியிருக்காரு. கூலி வாங்கின ஆளுகளைக் கொண்டு இவரு எடுத்த மணலை நாங்க தொடல்லை. இது கூலி வாங்காம நாங்க எடுத்த மணலு. எங்களுக்க மணலு. எங்க வேணும்னாலும் போடுவோம்."

"நீ ஒப்பிட்டிருக்கியே" என்றார் குமாஸ்தா.

"தெரியாத எழுத்தில எழுதி, சபை வாசலில வச்சு வாங்கின ஒப்பு. தெரிஞ்ச எழுத்தில எழுதித் தாருங்கோ, இப்பவே இன்னொரு ஒப்புப் போடுதேன். இவரு ஒரு சக்கரம் காசு தரல்லைன்னு."

நாராயணபெருமாள் முன்னால் வந்து தன் பெருவிரலை நீட்டினார். "இந்த விரலை அந்தக் காகிதத்தோட ஒத்துப் பாக்கணும் எசமான்."

தாசில்தார் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து ஒன்பது குடும்பத்தின் வாக்குமூலத்தையும் எழுதச் சொன்னார். பூங்கனி தன்னுடையதைத் தமிழில் எழுத வைத்து, இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சாயங்காலம் ஊரே அவளைப் பார்க்க வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உத்தரவு வைகாசியில் வந்தது. நாராயணபெருமாள் வாசித்தார். வாக்குமூலங்கள் உண்மை என்று காண்கிறது. ஞானசிங் பொய் சொல்லி வாங்கிய முதல் தவணையையும் விதைநெல்லையும் சர்க்காருக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது. இரண்டாம் தவணை தள்ளுபடி. பாட்டக்காரருக்கு நேரடியாகக் கொடுக்க விதியில் இடமில்லாததால் அவர்களுடைய கோரிக்கையும் தள்ளுபடி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தங்கச்சி."

"கள்ளனைப் பிடிச்சாச்சு. களவு போன பண்டம் சர்க்காருக்க பெட்டிக்குப் போயாச்சு. பறிகொடுத்தவ நான் வாயைத் துடைச்சிட்டுப் போகணும்." அவள் உத்தரவை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வெறித்துப் பார்த்தாள். "கள்ளன்கூட முகத்தைப் பாத்துத்தான் பொய் சொன்னான். இவனுக முகமே பாக்கல்லை."

கொட்டிய மணலை மறுபடி வாரி, வெளியே கடன் வாங்கிய விதையைப் பிந்தி விதைத்ததால் அந்த வருடம் கன்னிப்பூ அந்த ஏலாவில் பாதிதான் விளைந்தது. அறுப்பு முடிந்ததும் ஞானசிங் பூங்கனியின் பாட்டத்தை மட்டும் ரத்து செய்தார். எட்டுக் குடும்பத்தையும் ஒரேயடியாக இறக்கிவிட்டால் வயல் தரிசாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய், பூங்கனி தூண்டிவிட்டாள் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார்கள். அது அவள் காதுக்கு வந்தது. நாராயணபெருமாள் தானும் வயலை விட்டுவிட்டு வருகிறேன் என்றபோது அவள் தடுத்தாள். "நாலு பிள்ளையளை வச்சிட்டு என்ன செய்வீங்க? இருங்கோ. இருந்து அந்த ஆளுக்குக் கண்ணில மண்ணா உறுத்துங்கோ."

இஸ்ரவேல் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாமான்களைத் தலையில் ஏற்றி, குலசேகரத்துக்கு மேலே ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஒரு சரிவுக்குப் போனார்கள். அங்கே காட்டு நிலத்தை மரச்சீனிக் கிழங்கு போடப் பாட்டத்துக்குக் கொடுத்தார்கள். காலையில் இஸ்ரவேல் இடது கையால் ரப்பர்ப் பால் வெட்டப் பழகினான். அவள் கிழங்குக்கு மண் அணைத்தாள், பன்றி விரட்டினாள்.

ஒரு தடவை பழைய சபையின் போதகர் அவ்வளவு தூரம் நடந்து வந்தார். நல்ல மனிதர். "ஞானசிங்கை மன்னித்துவிட்டுத் திருவிருந்துக்கு வாம்மா" என்றார்.

"அவரு எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா ஐயா?"

"கேட்காவிட்டாலும் நாம் மன்னிக்க வேண்டும்."

"கேக்காத மன்னிப்பைக் குடுத்தா அவருக்கு அது எதுக்குன்னே தெரியாதே. அவரை முன் பெஞ்சில இருந்து ஒரு ஞாயிறாவது எழும்பச் சொன்னீங்களா?"

போதகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகும் அவள் அந்தச் சபையின் திருவிருந்தில் கை நீட்டவில்லை. குலசேகரத்தில் சின்ன ஓலைக்கூரைச் சபை ஒன்றுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள்.

கீழே நாராயணபெருமாள் சும்மா இருக்கவில்லை. உழுகிறவனுக்கும் உதவி வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு மனு, தமிழில், எழுதி அனுப்பினார். முப்பத்தேழாம் வருடம் ஆறு மறுபடி வயலில் ஏறியது. இந்தத் தடவை வந்த புதிய குமாஸ்தா வரப்பில் நடந்து, பட்டாக்காரன் யார், உழுகிறவன் யார் என்று இரண்டையும் கேட்டு எழுதினார். நாராயணபெருமாளுக்குத் தன் பெயரிலேயே விதைநெல் கிடைத்தது. அன்றே குலசேகரத்துக்கு நடந்து வந்து சொன்னார்.

பூங்கனி மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "எனக்க வயலில இப்போ யாரு?" என்றாள்.

"அருமனையில இருந்து ஒருத்தன். அவனுக்கும் கிடைச்சுது."

"நல்லா இருக்கட்டு." கத்தியைக் கீழே வைத்தாள். "இது ஏழு வருசத்துக்கு முன்ன செய்ய முடியாத காரியமா அண்ணாச்சி? வரப்பில ஏறி நடந்து ஒரு கேள்வி கேக்க அவ்வளவு நாளா? எல்லாரும் சந்தோசப்படுங்கோ. எனக்கு வரல்லை."

அவர் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஆனியில் பெருங்காற்று அடித்தது. சரிவில் பதினாலு பாட்டக்காரர்களின் மரச்சீனி வேரோடு சாய்ந்தது. பூங்கனி தானே மனு எழுதினாள். ஒருவர் பெயரும் விடாமல், யார் எத்தனை மூடு செடி நட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். தள்ளுபடி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒரு அதிகாரி சரிவில் ஏறி வந்து பார்த்தார். பதினோரு பேருக்கு உதவி கிடைத்தது. அதில் அவளும் ஒருத்தி. வாங்கிய ரூபாயில் இஸ்ரவேலின் தோளுக்குத் தைலம் வாங்கினாள். மறுநாள் விடிந்ததும் விட்டுப்போன மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, வழியெல்லாம் குமாஸ்தாவைத் திட்டியபடியே, கச்சேரிக்கு மலையிறங்கினாள்.